வரிசையில் நின்ற சொல்

முதலில் ஒரு தும்மல் கேட்டது. உப்போடைப் பேருந்து நிலையத்தின் கம்பங்களில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் அத்தனையிலிருந்தும் ஒரே நேரத்தில், நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்ததுபோல ஒரு முழுத் தும்மல் புறப்பட்டு, தகரக் கூரைமேல் இருந்த காக்கைகளை எல்லாம் எழுப்பிவிட்டு, உப்பளத்துப் பக்கமாகப் போய் ஓய்ந்தது. தும்மியது யாரென்று திரும்பிப் பார்த்தவர்கள் கண்ணுக்கு ஒருவரும் தட்டுப்படவில்லை. அறிவிப்பு அறைக் கண்ணாடிக்குப் பின்னால், மைக்கின் முன், ஞானதிரவியம் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கடைசியில் டீக்கடை முத்துமாலை முன்னால் வந்து, தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, பாய்லரைத் தொட்டுக் காட்டி, சூரியன் கிளம்பின திசையைக் கையால் காட்டினான். விடிகாலையில் கடை திறந்தபோது அவன் போட்ட தும்மல் அது. அப்போது கண் தும்மியது, தோள் தும்மியது, சத்தம் மட்டும் வரவில்லை. வெயில் ஏறினபிறகு இப்போது வருகிறது.

அன்று விடிந்ததிலிருந்தே ஊரில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. காக்கை கரைந்தது, பஸ் ஹாரன் அடித்தது, கோயில் மணி அடித்தது. மனுஷ வாயிலிருந்து வருவது மட்டும் உதட்டோடு நின்றுபோனது. காதில் தண்ணீர் புகுந்துவிட்டதென்று பாதி ஊர் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தது. தும்மலுக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் வரத் தொடங்கியது. யாரோ ஒரு பெண்பிள்ளை சட்டினியை மூடி வைக்கச் சொன்னாள், ஒரு பெரியவர் கோழியைத் திட்டினார், ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அழுதது. ஒவ்வொன்றும் சொன்னவர் குரலிலேயே, சொன்ன வரிசையிலேயே, ஒன்று முடிந்தபின் ஒன்றாக, ஊருக்கே பொதுவாக ஸ்பீக்கரில் வந்தது. உப்போடை மக்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்கள். பிறகு வெயில் சுட்டதால் நிழலுக்கு நகர்ந்து கேட்டார்கள்.

இதற்கு என்ன காரணமென்றால், ஞானதிரவியம் அன்று காலை ஒரு புரோகிராமை ஓடவிட்டார் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பேருந்து நிலையத்தில் பஸ் வருவதையும் போவதையும், பிள்ளை காணாமல் போனதையும், ஜவுளிக்கடை விளம்பரத்தையும் மைக்கில் சொல்வது அவர் வேலை. அறை வாசலில் சங்கிலி போட்ட டம்ளரோடு ஒரு தண்ணீர் டிரம் உண்டு. அதைக் காயவிடாமல் நிரப்புவதும் அவர் வேலைதான். நிரப்பச் சொல்லி ஞாபகப்படுத்துவது அவர் மனைவி பிலோமினாவின் வேலை. ஐம்பதை எட்டப்போகிற வயதில், செல்போனில் பாடம் பார்த்துப் பார்த்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர் அவர். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் கற்றவன் எதைக் கற்கவில்லை என்பது அவனுக்கே தெரியாது.

அவர் செய்ய நினைத்தது சின்ன விஷயம். ஓர் அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறிவிப்பு வந்தால் அது கேட்பாரற்றுத் தொலைந்துபோகிறது, ஆட்கள் பஸ்ஸை விடுகிறார்கள். ஆகையால் புரோகிராமுக்குள் இரண்டு ஆட்களை வேலைக்கு வைத்தார். த்ரெட் என்று அவர்களுக்குப் பேர். ஒருத்தன் வருகிற அறிவிப்பை வாங்குகிறவன், மற்றவன் அதை ஸ்பீக்கரில் சொல்கிறவன். நடுவில் கரும்பலகை மாதிரி ஓரிடம் வைத்தார். இவன் எழுத, அவன் வாசிப்பான். ஆனால் இவன் எழுதி முடிக்குமுன் அவன் வாசித்தான், அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இவன் அழித்து எழுதினான், ஒரு நாள் மத்தியானம் ஸ்பீக்கர் சொன்னது: நாகர்கோவில் செல்லும் பேருந்து, வயது நான்கு, சிவப்புக் கவுன் அணிந்திருக்கிறது, பெயர் சொல்லத் தெரியவில்லை. அண்ணாச்சி, அந்தப் பஸ்ஸுக்கு ஒரு முட்டாய் வாங்கிக் கொடுத்து அழுகையை நிப்பாட்டுங்க என்று முத்துமாலை ஒரு வாரம் கேலி செய்தான்.

பிறகுதான் ஒரு பாடத்தில் வழி கிடைத்தது. இரண்டு பேர் ஒரே பொருளைத் தொடாதே, நடுவில் ஒரு வரிசையை வை என்றது பாடம். வாங்குகிறவன் வாலில் கொண்டுபோய் நிறுத்தட்டும், கொடுக்கிறவன் தலையில் நிற்பதை எடுக்கட்டும். ஒன்றும் கலக்காது, ஒன்றும் தொலையாது. வரிசையில் ஏதும் இல்லையென்றால் எடுக்கிறவன் கையை நீட்டியபடியே தூங்குவான், வந்ததும் விழிப்பான். தொலையாது என்ற சொல் ஞானதிரவியத்துக்கு அவ்வளவு பிடித்துப்போனதால், அடுத்த பாடத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை. வரிசைக்கு ஒரு நீளம் வைக்க வேண்டும், அதை நிறுத்த ஒரு முடிவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்த பாடத்தில் இருந்தது. போதாததற்கு, அந்த வியாழக்கிழமை விடிகாலையில் வாங்குகிறவனை எழுப்பிவிட்டவர், கொடுக்கிறவனை எழுப்ப மறந்துவிட்டார். மறந்ததை உணர்ந்து எழுப்பியபோது வெயில் ஏறிவிட்டது. வாங்குகிறவன் அதற்குள் ஊர் முழுக்கக் கையை நீட்டியிருந்தான்.

உடனே நிறுத்திவிடலாம் என்று அவர் விரலைக் கொண்டுபோகத்தான் செய்தார். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்ற முகங்கள் எல்லாம் வேண்டாம் என்று தலையாட்டின. ஒவ்வொருவர் சொல்லும் உள்ளே நின்றது. ஒருத்தியின் கைப்பிள்ளை அன்று காலைதான் முதன்முதலாக உதட்டை ஒட்டிப் பிரித்து என்னமோ சொல்லியிருந்தது. அது அம்மாவா அத்தையா என்று தெரியாமல் அவளால் வீட்டுக்குப் போக முடியாது.

ஊர் இதைப் பழகிக்கொண்டது. குழாயில் தண்ணீர் வாரத்துக்கொரு தரம் வருவதைப் பழகின ஊருக்கு, பேச்சு மறுநாள் வருவதைப் பழக எவ்வளவு நேரமாகும். பேசுகிற வாய்கள் ஊர் முழுக்க, சொல்கிற வாய் ஒன்றே ஒன்று என்பதால் மறுநாள் வந்த பேச்சு அதற்கு மறுநாள் வரலாயிற்று. சனங்கள் பாயும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பேருந்து நிலையத்துக்கு வந்து, தங்கள் வீட்டுப் பேச்சு வரும்வரை காத்திருந்து, கேட்டு, எழுந்து போனார்கள். கடலைக்காரனுக்கு நல்ல ஓட்டம். சந்தையில் மாட்டுத் தரகர்கள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களுக்கு வாய் எதற்கு. அவர்களைப் பார்த்து மீன்காரிகள் முந்தானைக்கடியில் விரல் பிடிக்கப் பழகினார்கள், அவர்களைப் பார்த்துப் புருஷன் பெண்டாட்டிகள் பழகினார்கள். சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்கள் நின்றுபோனார்கள். சண்டை போட்டவர்கள் சமாதானமாகி ஒரே இலையில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், அப்போதுதான் பழைய வசவு ஸ்பீக்கரில் வரும்; புதிதாக அடித்துக்கொள்வார்கள். கொல்லர் தெருவில் ஒரு பெரியவர் சாகும்போது உதட்டை அசைத்தார். வீட்டைப் பிரித்துச் சொல்கிறார் என்று மூத்தவன் ஒரு விதமாகவும் இளையவன் ஒரு விதமாகவும் படித்துக்கொண்டு, பிணம் எடுக்குமுன்னே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காடாற்று முடிந்தபிறகு அவர் குரல் வந்தது. கொஞ்சம் சுக்குக் காப்பி கேட்டிருந்தார்.

ஊர் எல்லையில் ஓடைப் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தால் பேச்சு பேச்சாகவே வந்தது. அவசரமானவர்கள் பாலத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஆனால் மனுஷனுக்கு அவசரம் என்பது வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும்தான் வருகிறதே தவிர, பாலத்துக்குப் பக்கத்தில் வருவதில்லை.

உப்பு பாக்கெட் போடுகிற ஒரு கம்பெனியில் சேர்மதுரை என்று ஒரு வயர்மேன் இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பத்தில் ஏறிக் கம்பியில் கைவைத்திருந்தபோது, கீழே ஒருவன் சுவிட்சுக்குப் பக்கத்தில் போவதைப் பார்த்து வாயை அகலத் திறந்தார். கீழே நின்றவனுக்கு வாய் திறந்தது தெரிந்தது, என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. போடச் சொல்கிறார் என்று நினைத்துப் போட்டுவிட்டான். அன்றைக்கே ஊர் இந்தப் புரோகிராமை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சேர்மதுரையின் மனைவி இசக்கியம்மாள், இடுப்பில் பெண்பிள்ளையோடு, பேருந்து நிலையத்துத் தூணடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவர் கடைசியாகச் சொன்னது உள்ளே நிற்கிறது. அதை அவள் கேட்கட்டும் என்றார்கள். அவளுக்காகச் சொன்னதுபோல எல்லாரும் தங்களுக்காகவும் சொல்லிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை உச்சியில் ஞானதிரவியத்தின் வீட்டுப் பேச்சு வந்தது. அது வியாழக்கிழமை அந்தியில் பேசினது. இந்தாருங்க, ஒரு வார்த்த பேசணும் என்று பிலோமினா குரல் கேட்டது. இரு என்றது அவர் குரல். யாரோ ஒருவர் வெங்காயம் கேட்டார். மறுபடியும், இந்தாருங்க. மறுபடியும், இரு. வீட்டில் அப்போது அவர் காதில் வயரோடு, கொடுக்கிறவன் ஏன் இவ்வளவு மெதுவாகக் கொடுக்கிறான் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசினாலும் சத்தம் இல்லை, அவர் பதிலுக்கும் சத்தம் இல்லை, வாயசைவே ஒரு பழக்கமாக நடந்தது. ஸ்பீக்கரில் கேட்கும்போதுதான் அதற்கு எத்தனை வருஷத்துப் பழக்கம் என்று தெரிந்தது. பேருந்து நிலையம் முழுக்கச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் வாலில் போய் நின்றுகொண்டது, தோள்கள் மட்டும் குலுங்கின. அன்று மாலைக்குள் உப்போடையில் எதிரே வருகிறவர்கள் கையெடுத்துக் கும்பிடுவதற்குப் பதிலாக உள்ளங்கையை விரித்து, இரு என்று காட்டத் தொடங்கினார்கள். அதே உப்புக் கம்பெனியில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த பிலோமினாவுக்கும் காட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு அவள் ஒரு பையுடன் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். அவருடைய சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை அறிவிப்பு அறைச் சன்னல் திண்டில் வைத்தாள். கண்ணாடியைத் தட்டினாள். அவர் தட்டச்சு செய்துகொண்டே, நிமிராமலே, இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவள் பேசத் தொடங்கினாள். அவர் நிமிர்ந்தபோது பாதி பேசியிருந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, அழவும் இல்லை, பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிக்கிறதுபோல ஒரே சீராகப் பேசி முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அங்கே அவள் அக்கா வீடு இருந்தது. அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவதற்குள் கண்டக்டர் பஸ்ஸின் முதுகில் தட்டிவிட்டான்.

அவர் பாலத்துக்கு ஓடினார். பாலத்தின் அந்தப் பக்கம் நின்று போன் போட்டார். முதலில் எடுக்கவில்லை, சாயங்காலம்தான் எடுத்தாள்.

"என்ன சொன்னே, பிலோ?"

"சொல்லிட்டேன்லா."

"சத்தம் வரலையே."

"வரும். உங்க புரோகிராம்லதான் போட்டிருக்கு. ஒண்ணும் தொலையாதுன்னு நீங்கதான பெருமையாச் சொன்னிய."

"இப்ப ஒரு தரம் சொன்னா என்ன?"

"இன்னொரு தரம் சொல்லத் தெம்பு இல்லங்க. ஒரு தரம் சொல்லவே இத்தன வருஷம் ஆச்சு." பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "இனி நீங்க இருங்க. வந்ததும் கேட்டுட்டுச் சொல்லுங்க, வரவா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம்."

அன்றிலிருந்து அவர் அறையைவிட்டு நகரவில்லை. உப்போடையில் காத்திருந்தவர்களிலெல்லாம் அதிகமாகக் காத்திருந்தவர் அவர்தான். பஸ்ஸை அறிவிக்கவில்லை, அறிவித்தாலும் வாரம் கழித்துத்தான் வரும். முகம் மழிக்கவில்லை, வாசல் டிரம்மை நிரப்பவில்லை. நிரப்பச் சொல்லி ஞாபகப்படுத்த ஆளில்லை. திரைக்கு முன்னால், கையை நீட்டியபடி தூங்குகிறவனைப்போல, கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

சேர்மதுரையின் குரல் செவ்வாய்க்கிழமை வந்தது. போடாதல, போட்டுராத, ஏல என்றது. அவ்வளவுதான். அடுத்ததாக யாரோ பொண்ணுக்கு ரிப்பன் வாங்கி வரச் சொன்னார்கள். இசக்கியம்மாள் தூணைப் பிடித்து எழுந்து, சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். கடலைக்காரன் அடுப்பை அணைத்தான்.

மறுநாள் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பேச வேண்டும் என்பதால் பாலத்தைத் தாண்டிப் போட வேண்டியிருந்தது. ஊர் மொத்தமும் சாலையில் நின்றதில் லாரிகள் கண்ணுக்கெட்டின தூரம் நின்றன. பேரூராட்சித் தலைவர் ஆதிலிங்கம் ஒரு மைல்கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"வே திரவியம், அந்த வயரைப் புடுங்கிவிட்டாச் சோலி முடிஞ்சுது. இதுக்கு ஒரு கூட்டமா?"

ஞானதிரவியம் அடுத்த பாடத்தை அதற்குள் பார்த்திருந்தார். வயரைப் பிடுங்கினால் வரிசையில் நிற்பது எல்லாம் அப்படியே அழிந்துபோகும் என்றார். அதற்கு ஒரு முறை இருக்கிறது, முடிவு என்று ஒரு சொல்லைக் கொண்டுபோய் வரிசையின் வாலில் நிறுத்த வேண்டும், அதற்கு முன்னால் நிற்பதெல்லாம் வெளியே வந்துவிடும், கடைசியில் அந்தச் சொல்லைக் கண்டதும் எடுக்கிறவன் வேலையை நிறுத்திவிடுவான், ஒன்றும் தொலையாது என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. ஒவ்வொருவரும் போன சில நாட்களில் சத்தம் இல்லை என்கிற தைரியத்தில் வாய்க்குள் சொன்னதை எல்லாம் நினைத்துப் பார்த்தார்கள்: மாமியாரின் முதுகைப் பார்த்துச் சொன்னதை, முதலாளி முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னதை, பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்துச் சொன்னதை. எது வர வேண்டும் என்று காத்திருந்தவர்களைவிட, எது வந்துவிடக் கூடாது என்று பயந்தவர்கள்தான் உப்போடையில் அதிகம். வேறெந்த ஊரில் எண்ணிப் பார்த்தாலும் கணக்கு இப்படித்தான் வரும். ஒரு சாவு விழுந்தது போதாதா, பிடுங்கு என்றார்கள். சேர்மதுரை பேரைச் சொல்லித்தான் சொன்னார்கள். இசக்கியம்மாள் பிள்ளையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

ஆதிலிங்கம் ஒன்றே ஒன்று சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையக் கழிப்பறையைத் திறந்துவைத்துத் தாம் பேசின பேச்சு இன்னும் வரவில்லை, அது ஊருக்கு உபயோகமான பேச்சு, அது முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். ஞானதிரவியம் கணக்குப் போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கும் நடுவில் ஒரு ராத்திரிப் பேச்சுத்தான் இருந்தது. தலையாட்டினார்.

அந்தப் பேச்சு வந்தது. மேடையில் இருந்தவர், மேடைக்குக் கீழே இருந்தவர், வர முடியாமல் போனவர், கழிப்பறைக்குச் செங்கல் தந்தவர், கதவு தந்தவர் ஒவ்வொருவர் பேருக்கும் பின்னால் ஓர் அவர்களே சேர்ந்து, அவர்களே அவர்களே என்று பொழுது சாயும்வரை ஊர்மேல் விழுந்துகொண்டே இருந்தது. அது முடிந்து, மாலை போட்ட கழுத்தோடு மேடையைவிட்டு இறங்கும்போது அவர் காண்ட்ராக்டரிடம் கதவைக் காட்டிச் சொன்னதும், சத்தம் வராத தைரியத்தில் அவன் வாய்க்குள் சொன்னதும் தொடர்ந்து வந்தன.

"ஏல, அந்தக் கதவு மழைக்குத் தாங்குமா?"

"உங்க பேச்சுக்குத் தாங்கினதே பெருசு அண்ணாச்சி."

ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. பேச்சு முடிந்தும் வயர் பிடுங்கப்படாததால் ஆதிலிங்கத்தின் ஆட்கள் வந்து அறிவிப்பு அறைக் கதவை உதைத்தார்கள். ஞானதிரவியம் உள்ளே தாழ்ப்பாள் போட்டு, மேசையையும் நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். கரண்டை நிறுத்திப் பார்த்தார்கள். கரண்ட் போகிற ஊர் என்பதால் பாட்டரி உள்ளேயே வைத்திருந்தார். களைத்துப்போய் நாளைக்கு வருகிறோம் என்று கையால் காட்டிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை ராத்திரிப் பேச்சு வந்தது. தாலாட்டு வந்தது, செபமாலை வந்தது, தூக்கத்தில் உளறினது வந்தது, யாரோ ஒருவன் யார் பேரையோ மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு அழுதது வந்தது. விடிந்து, காப்பி கேட்கிற குரல்கள் வந்தன. பிறகு பூசை வந்தது. கோயிலில் எல்லாரும் ஒன்றாகச் சொன்ன ஆமென்கூட வரிசையில் ஒன்றாக வர முடியாதே. ஒவ்வொருவர் ஆமெனும் தனித்தனியாக, கிழவர் ஆமென், பிள்ளை ஆமென், கொட்டாவியோடு ஓர் ஆமென், அவசரத்தில் பாதி ஆமென் என்று வந்துகொண்டேயிருந்தன. அவற்றுக்குள் பிலோமினாவின் ஆமெனும் இருந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். அவ்வளவு திடமாக அவள் ஆமென் சொல்லி அவர் கேட்டதில்லை. எதற்கு ஆமென் சொன்னாளோ.

பூசை முடிந்தது. வெளியே வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு கண்டக்டர் குரல் கரகரத்தது. கோயம்புத்தூர், கோயம்புத்தூர், மதுரை வழி கோயம்புத்தூர், ஏறு ஏறு என்றது.

ஞானதிரவியம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கண்ணாடி தட்டப்பட்டது. இசக்கியம்மாள் நின்றாள், இடுப்பில் பிள்ளை, நெற்றியில் பொட்டில்லை. அவள் வாய் அசைந்தது. பிறகு நின்றது. பிறகு மறுபடியும் அதையேபோல அசைந்தது. அவருடைய இடது கை தானாக எழுந்து உள்ளங்கையை விரித்தது. கண்ணாடியில் அவர் கையின் நிழல் அவள் முகத்தின்மேல் படிந்து, வாயை மூடினதுபோல இருந்தது. அந்தக் கையை அவர் பார்த்தார். எதைக் கேட்க வந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும் என நினைத்தார். ஊர் அவள் புருஷன் பேரைச் சொல்லி எதைக் கேட்டதோ அதைத்தான், ஊர் அவளைக் கேட்காததால் தனியாக வந்து கேட்கிறாள். ஒரு நிமிஷம் போதும். ஒரே ஒரு நிமிஷம் அவள் நின்றால் போதும். விரித்த கையை மடக்கவும் முடியாமல், இவளையும் இரு என்று நிறுத்தவும் மனசு வராமல், ஸ்பீக்கரில் ஒரு பெண் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டபோது, வலது கையால் வயரைப் பிடுங்கினார்.

திரை கருத்தது. ஒரு கணம் உப்போடையில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் கூரைமேல் கல்மழை விழுந்ததுபோல ஊர் முழுக்கப் பேச்சு விழுந்தது. கடலை, டீ, ஏல தள்ளு, சில்லறை, அம்மா, எல்லாம் அவரவர் வாயிலிருந்தே, எல்லாம் ஒரே நேரத்தில், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து. யாரும் யாரையும் கேட்கவில்லை. பழையபடி ஆகிவிட்டது.

அவர் மேசையை நகர்த்திக் கதவைத் திறந்தார்.

"நிறுத்திட்டேம்மா," என்றார்.

இசக்கியம்மாள் அவரைப் பார்த்தாள். என்னத்தை நிறுத்தினார் என்று ஒரு நிமிஷம் அவளுக்குப் பிடிபடவில்லை.

"பிள்ளைக்குத் தண்ணி கேட்டேன் அண்ணாச்சி," என்றாள். "டிரம் காஞ்சு கெடக்கு. நாலு நாளா வந்து வந்து பாத்துட்டுப் போறோம். உள்ள எதுவும் இருக்கான்னு கேட்டேன்."

"அதுக்கா கூப்பிட்டே?"

"வேற எதுக்கு?"

முத்துமாலை தன் கடையிலிருந்து, ஆமா, எங்கிட்டயும் ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, இன்னிக்கு டீ கிடையாது என்று யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். தன் சத்தம் தனக்கே கேட்கிற சந்தோஷத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மூலையில் கிடந்த குடத்தை எடுக்க ஞானதிரவியம் குனிந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

"நின்னுட்டுதாமே," என்றாள் பிலோமினா. "அக்கா மகனுக்கு யாரோ சொன்னாங்களாம்."

"ம்."

"அது வந்துச்சா? கேட்டியளா?"

தூக்குச்சட்டி அவள் வைத்த இடத்திலேயே சன்னல் திண்டில் இருந்தது. ஈ மொய்த்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "கேட்டேன்," என்றார்.

அந்தப் பக்கம் அவள் மூச்சு விட்டது கேட்டது. அத்தனை வருஷம் பிடித்துவைத்திருந்த மூச்சு.

"அப்போ சொல்லுங்க."

சரி என்று சொல்ல வேண்டுமா, இல்லை என்று சொல்ல வேண்டுமா, வா என்றா, மன்னித்துக்கொள் என்றா, நன்றி என்றா. அவள் என்ன கேட்டாள், எதைச் சொன்னாள், எதை விட்டாள். தொண்டையைச் செருமினது ஒன்றுதான் அவருக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் தேடினார். வாய்க்குள் வேறெந்தச் சொல்லும் வரிசையில் நிற்கவில்லை.

"இரு பிலோ," என்றார்.

கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

இசக்கியம்மாளின் பிள்ளை இடுப்பைவிட்டு இறங்கி, டிரம் சங்கிலியில் தொங்கின டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. ஞானதிரவியம் போனைப் பையில் போட்டார். குடத்தை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள குழாயடிக்குப் போனார். அன்றைக்குத் தண்ணீர் வந்திருந்தது. குடங்கள் சுவர்வரை நின்றன. கடைசிக் குடத்துக்குப் பின்னால் தன் குடத்தை வைத்தார். முன்னால் நின்றவள் தன் குடத்தைக் காலால் ஒரு சாண் நகர்த்தினாள். அவரும் நகர்த்தினார்.